நகரம் இடித்துப் போட்டதை நிழலாக அடுக்கியவர்: யார் இந்த லூயிஸ் நெவெல்சன்?

நியூயார்க், 1950-கள். பழைய வீடுகளை இடித்துத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் பெரிய பெரிய அடுக்குமாடிகளைக் கட்டிக்கொண்டிருந்த காலம். தெருவோரம் எங்கே பார்த்தாலும் மரக்குவியல். உடைந்த ஜன்னல் சட்டம், மாடிப்படிக் கைப்பிடி, நாற்காலிக் கால், பழம் வந்த காலிப் பெட்டி.

மற்றவர்களுக்கு அது குப்பை. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணுக்கு மட்டும் அது சிற்பம் செய்யும் பொருள். பொறுக்கி எடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய், எல்லாவற்றுக்கும் கறுப்புப் பெயின்ட் அடித்து, சுவர் மாதிரி அடுக்கினார். அந்தச் சுவர்களைத்தான் இன்றைக்கு உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் பாதுகாத்து வைத்திருக்கின்றன.

அவர் பெயர் லூயிஸ் நெவெல்சன். தன்னை நிழல்களின் கட்டடக் கலைஞர் என்று சொல்லிக்கொண்டவர். இருபதாம் நூற்றாண்டின் முக்கியமான அமெரிக்கச் சிற்பிகளில் ஒருவர். ஆனால் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தபோது அவருக்கு வயது கிட்டத்தட்ட 60. அதுவரை என்ன நடந்தது? நிழலை வைத்து எப்படிச் சிற்பம் செய்ய முடியும்? பார்க்கலாம்.

ஆறு மாதம் பேசாத குழந்தை

லூயிஸ் பிறந்தது 1899-ல், இன்றைய உக்ரைனில் உள்ள பெரியாஸ்லாவ் என்ற ஊரில். அப்போது அது ஜார் மன்னர்களின் ரஷ்யா. யூதக் குடும்பம். பிறந்தபோது வைத்த பெயர் லியா பெர்லியாவ்ஸ்கி.

யூதர்களுக்கு எதிரான வன்முறை அதிகமாக இருந்த காலம் அது. பிழைப்புத் தேடி அப்பா முதலில் தனியாக அமெரிக்கா போனார். அப்பா போன ஏக்கத்தில் அந்தச் சின்னக் குழந்தை ஆறு மாதம் வாயே திறக்கவில்லை என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன.

1905-ல் குடும்பம் முழுவதும் அமெரிக்கா சேர்ந்தது. மெய்ன் மாநிலத்தில் ராக்லேண்ட் என்ற கடலோரச் சிற்றூர். வீட்டில் பேசியது யித்திஷ் மொழி. ஊரில் யூதர்கள் ரொம்பக் குறைவு. பள்ளியில் அந்நியராகவே பார்க்கப்பட்டார்.

அப்பா என்ன தொழில் செய்தார் தெரியுமா? ஆரம்பத்தில் பழைய பொருட்கள் வாங்கி விற்றார். பிறகு மரக்கடை வைத்தார். அதற்கும் பிறகு வீடு, நிலம் வாங்கி விற்கும் தொழில். பழைய சாமான், மரம், கட்டடம். இந்த மூன்றும் பின்னாளில் மகளின் கையில் எப்படி ஒன்றாகச் சேர்ந்தன என்பதுதான் இந்தக் கதை.

ஒன்பது வயதில் ஊர் நூலகத்துக்குப் போனபோது, பெரியவள் ஆனதும் என்னவாகப் போகிறாய் என்று நூலகர் கேட்டாராம். சிற்பி ஆகப் போகிறேன் என்று யோசிக்காமல் பதில் வந்ததாம். பின்னாளில் லூயிஸே சொன்ன கதை இது.

கல்யாணம், குழந்தை, ஒரு வைர வளையல்

1920-ல் சார்லஸ் நெவெல்சன் என்பவரோடு திருமணம். கப்பல் தொழில் செய்த வசதியான குடும்பம். சின்ன ஊரில் இருந்து நியூயார்க் வந்து சேர்ந்ததே பெரிய சந்தோஷம். 1922-ல் மகன் மைரன் பிறந்தான்.

ஆனால் பணக்கார வீட்டு மருமகள் என்ற வேடம் அவருக்குப் பொருந்தவே இல்லை. ஓவியம், பாட்டு, நாடகம், நடனம் என்று எதையாவது கற்றுக்கொண்டே இருந்தார். கணவரின் வீட்டாருக்கு அது பிடிக்கவில்லை. 1929-ல் ஆர்ட் ஸ்டூடன்ட்ஸ் லீக் என்ற புகழ்பெற்ற கலைப் பள்ளியில் முழுநேரமாகச் சேர்ந்தார். அதோடு வீட்டுக்கும் அவருக்குமான தூரம் அதிகமானது.

1931-ல் ஒரு பெரிய முடிவு. ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஹான்ஸ் ஹாஃப்மன் என்ற ஆசிரியர் நவீன ஓவியம் கற்றுக்கொடுத்துக் கொண்டிருந்தார். அவரிடம் படிக்கப் போக வேண்டும். கையில் காசு இல்லை. மகன் பிறந்தபோது கணவர் வாங்கிக் கொடுத்த வைர வளையலை விற்றார். ஒன்பது வயது மகனை ராக்லேண்டில் தன் பெற்றோரிடம் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார்.

இதைத் தியாகம் என்று சொல்வதா, சுயநலம் என்று சொல்வதா? இன்றுவரை அவரைப் பற்றி எழுதுபவர்கள் தடுமாறும் இடம் இது. மகனை விட்டுப் போன குற்ற உணர்வு கடைசிவரை அவரை விடவில்லை. அந்த மகனும் வளர்ந்து சிற்பி ஆனார் என்பது தனிக் கதை.

ஹாஃப்மனிடம் அவர் கற்றது முக்கியமானது. ஒரு பொருளை அதன் பெயரை வைத்துப் பார்க்காமல், வெளிச்சமும் இருட்டுமாக, முன்னால் வருவதும் பின்னால் போவதுமாகப் பார்ப்பது. பிக்காசோ காலத்து க்யூபிசம் சொன்ன பாடமும் இதுதான். நாற்காலியை நாற்காலியாகப் பார்க்காமல் நாலு கோடும் நாலு நிழலுமாகப் பார்ப்பது. இந்தப் பாடம் அவரிடம் கடைசிவரை இருந்தது.

முதலில் அது விறகு

நியூயார்க் திரும்பியபோது பொருளாதார வீழ்ச்சியின் உச்சம். 1933-ல் மெக்சிகோவின் பிரபல ஓவியர் டியேகோ ரிவேரா நியூயார்க்கில் சுவரோவியம் வரைந்தபோது, அவரது உதவியாளர்களில் ஒருவராக வேலை பார்த்தார். பிறகு அரசு நிவாரணத் திட்டத்தின் கீழ் கலை கற்றுக்கொடுத்துக் கொஞ்சம் சம்பாதித்தார்.

வறுமை என்றால் சாதாரண வறுமை இல்லை. குளிர்காலத்தில் மகனோடு தெருவில் நடந்து, கிடக்கிற மரத்துண்டுகளைப் பொறுக்கி வந்து அடுப்பில் போட்டுக் குளிர்காய்ந்திருக்கிறார். அதே தெரு மரம்தான் கொஞ்சம் கொஞ்சமாக அடுப்புக்குப் போகாமல் சிற்பத்துக்குப் போக ஆரம்பித்தது.

1941-ல் நீரன்டார்ஃப் கேலரியில் முதல் தனிக் கண்காட்சி. அவரே நேராகப் போய், என் சிற்பங்களைக் காட்சிக்கு வையுங்கள் என்று கேட்டு வாங்கிய வாய்ப்பு அது. விமர்சனங்கள் நன்றாகத்தான் வந்தன. ஆனால் ஒரு பத்திரிகை எழுதியது மட்டும் இன்றுவரை பேசப்படுகிறது. சிற்பி ஒரு பெண் என்பது நல்ல வேளையாகத் தெரிந்துவிட்டது, இல்லாவிட்டால் பெரிய கலைஞர் என்று கொண்டாடியிருப்போம் என்கிற அர்த்தத்தில் இருந்தது அந்த விமர்சனம். அதாவது வேலை நன்றாக இருக்கிறது, செய்தவர் பெண் என்பதுதான் பிரச்சினை!

1943-ல் அடுத்த அடி. சர்க்கஸை மையமாக வைத்து, கிடைத்த மரத்துண்டுகளில் மிருகங்களும் கோமாளிகளும் செய்து நார்லிஸ்ட் கேலரியில் வைத்தார். ஒன்றுகூட விற்கவில்லை. கண்காட்சி முடிந்ததும் பெரும்பாலானவற்றை அவரே அழித்துவிட்டார். வைத்துக்கொள்ள இடமும் இல்லை, மனசும் இல்லை.

வீட்டையே இடிக்க வந்தபோது

1945-ல் குடும்பத்தின் உதவியோடு கிழக்கு 30-வது தெருவில் ஒரு வீடு வாங்கினார். அது கொஞ்ச காலத்தில் வீடு மாதிரியே இல்லை. தரையிலும் சுவரோரத்திலும் படிக்கட்டிலும் சிற்பங்கள். வெளியே போனால் மரத்தோடுதான் திரும்புவார்.

1950-களின் தொடக்கத்தில் மெக்சிகோவுக்கும் குவாத்தமாலாவுக்கும் பயணம் போனார். மாயன் நாகரிகத்தின் கோயில்களையும் உயரமான கல்தூண்களையும் பார்த்தார். சிற்பம் வேறு, கட்டடம் வேறு என்று பிரிக்க முடியாத இடங்கள் அவை. வெயில் நகர நகர, கல்லில் விழும் நிழலும் நகர்ந்தது.

திரும்பி வந்தால், அவர் வசிக்கும் நகரமே மாறிக்கொண்டிருந்தது. அவர் தெருவுக்குப் பக்கத்தில் தூண்கள் மேல் ஓடிய மூன்றாவது அவென்யூ ரயில் 1955-ல் நிறுத்தப்பட்டு, பாதையும் பிரிக்கப்பட்டது. பழைய வீடுகள் தெருத்தெருவாக இடிபட்டன. கடைசியில் அவர் வீடு இருந்த பகுதியும் நகரச் சீரமைப்புத் திட்டத்தில் சிக்கியது. காலி செய்தே ஆக வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். வீடு போகப் போகிறது. வருமானம் இல்லை. வயது 60-ஐ நெருங்குகிறது. அந்தச் சமயத்தில்தான் அவர் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய சிற்பங்களைச் செய்தார். இடிபட்ட வீடுகளில் இருந்து வெளியே வந்த மரங்களே அவருக்கு மூலப்பொருள். தன்னை விரட்டிய அதே இடிப்பில் இருந்துதான் அவருக்குச் சிற்பம் கிடைத்தது.

நிழலை எப்படிச் சிற்பம் ஆக்கினார்?

இனிதான் முக்கியமான கேள்வி. அவர் செய்த வேலையைப் படிப்படியாகப் பார்த்தால் சுலபமாகப் புரியும்.

முதல் படி, பொறுக்குவது. கடைசல் பிடித்த நாற்காலிக் கால், கதவுக் குமிழ், கட்டில் தலைப்பலகை, சட்டங்களின் விளிம்பு, பீப்பாய்த் துண்டு என்று எதையும் விடமாட்டார்.

இரண்டாவது படி, கறுப்பு. ஒவ்வொரு துண்டுக்கும் பளபளப்பே இல்லாத கறுப்புப் பெயின்ட். இதற்குக் காரணம் இருக்கிறது. பழைய மரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு கறை, ஒரு பழைய வார்னிஷ் இருக்கும். அப்படியே அடுக்கினால் பழைய சாமான் கடை மாதிரிதான் தெரியும். எல்லாம் ஒரே நிறமானதும் இது கால், இது குமிழ் என்ற அடையாளம் பின்னால் போய்விடுகிறது. வளைவும் நேர்க்கோடும் பள்ளமும் மேடும் மட்டும் மிஞ்சுகின்றன. பளபளப்பு இல்லாததால் வெளிச்சம் பட்டுத் தெறிக்காது. மரம் எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது.

மூன்றாவது படி, பெட்டி. துண்டுகளை ஆழம் குறைந்த மரப்பெட்டிக்குள் வைத்துப் பொருத்துவார். முன்பக்கம் திறந்தே இருக்கும். ஒரு கிறிஸ்துமஸ் சமயம் வீட்டுக்கு வந்த மதுப் பெட்டியில், பாட்டில்களுக்காகத் தடுப்பு வைத்துப் பிரித்திருந்த அறைகளைப் பார்த்ததும் இந்த யோசனை வந்தது என்று சொல்லப்படுகிறது. பெட்டி வந்ததும் நிழலுக்கு ஒரு வீடு கிடைத்துவிட்டது. பெட்டியின் விளிம்பு உள்ளே இருக்கும் துண்டின் மேல் நிழலைப் போடும். அந்தத் துண்டு பின்பலகையில் இன்னொரு நிழலைப் போடும்.

நான்காவது படி, அடுக்குவது. பெட்டி மேல் பெட்டி வைத்து ஆள் உயரத்தையும் தாண்டிக் கொண்டுபோவார். முன்கூட்டியே வரைபடம் எதுவும் கிடையாது. வைத்துப் பார்ப்பார், எடுப்பார், மாற்றி வைப்பார். கடைசியில் நிற்பது ஒரு சுவர். தூரத்தில் நின்று பார்த்தால் இரவு நேரத்து அடுக்குமாடிக் கட்டடம் மாதிரியே இருக்கும். ஒவ்வொரு பெட்டியும் ஒரு ஜன்னல், ஒவ்வொரு ஜன்னலுக்குள்ளும் ஒரு இருட்டு.

சாதாரணச் சிற்பத்தில் நிழல் என்பது தானாக விழுவது. யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. நெவெல்சன் நிழலையும் மரத்தைப் போலவே ஒரு பொருளாகக் கருதி, அதற்கான இடத்தைத் திட்டமிட்டு விட்டார். நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் வரிசையாக நிற்கும் கறுப்பு இரும்புத் தூண்களைக்கூட அவர் சிற்பமாகத்தான் பார்த்தார்.

கறுப்பு என்றால் சோகமா, துக்கமா என்று பலர் கேட்டார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லா நிறங்களையும் தனக்குள் வைத்திருப்பது கறுப்பு, அதைவிட கம்பீரமான நிறம் வேறு கிடையாது என்பது அவர் கருத்து.

1958: எல்லாம் மாறிய வருஷம்

1958 ஜனவரியில் கிராண்ட் சென்ட்ரல் மாடர்ன்ஸ் கேலரியில் 'மூன் கார்டன் பிளஸ் ஒன்' என்ற கண்காட்சி. ஒரு சிற்பத்தை நடுவில் வைத்துச் சுற்றி வந்து பார்க்கும் பழக்கத்தையே மாற்றினார். அறை முழுக்கக் கறுப்புச் சுவர்கள். வழக்கமான விளக்குகள் இல்லை, மங்கலான நீல வெளிச்சம் மட்டும். உள்ளே வந்தவர்களுக்குச் சிற்பத்துக்குள்ளேயே நடக்கிற மாதிரி இருந்தது.

அந்தச் சுவர்களில் ஒன்றுதான் 'ஸ்கை கதீட்ரல்'. கிட்டத்தட்ட 11 அடி உயரம், 10 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். அதே வருஷம் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்புக்கு அது போய்ச் சேர்ந்தது. அதே வருஷம்தான் இடிக்கப்படவிருந்த வீட்டை விட்டுவிட்டு, ஸ்பிரிங் தெருவில் புது வீட்டுக்கும் குடியேறினார். கடைசிவரை வாழ்ந்தது அங்கேதான்.

அடுத்து அதே அருங்காட்சியகம் 1959-ல் 16 அமெரிக்கக் கலைஞர்களின் கண்காட்சியை நடத்தியது. கறுப்புக்காரர் என்று பெயர் வாங்கியவர், அதற்கு முழுக்க முழுக்க வெள்ளையில் 'டான்ஸ் வெடிங் ஃபீஸ்ட்' என்ற படைப்பைக் கொண்டுவந்தார். விடியற்காலைத் திருமண விருந்து என்று அர்த்தம். வெள்ளையில் நிழல் வேறு மாதிரி நடந்துகொண்டது. கறுப்பில் ஒளிந்திருந்த நிழல், வெள்ளையில் சாம்பல் கோடாகத் தனியாகத் தெரிந்தது.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரே படைப்பாக ஏதாவது ஓர் அருங்காட்சியகம் வாங்கும் என்று எதிர்பார்த்தார். யாரும் வாங்கவில்லை. கடைசியில் அது துண்டு துண்டாகப் பிரிந்து, வேறு சிற்பங்களில் கலந்துவிட்டது. அதன் பிறகு தங்க நிறத்திலும் செய்தார். அமெரிக்காவின் தெருக்கள் தங்கத்தால் போட்டவை என்று அகதிகளிடம் சொல்லப்பட்ட கதையை அதற்கு ஒரு காரணமாகச் சொன்னார். 1962-ல் வெனிஸ் பினாலே கண்காட்சியில் அமெரிக்காவின் சார்பில் அவருடைய கறுப்பு, வெள்ளை, தங்கச் சுவர்கள் நின்றன.

புகழ் வந்தாச்சு, இனி கவலை இல்லை என்று நினைத்தால், அதுவும் இல்லை. அடுத்த கண்காட்சி விற்பனையாகவில்லை. கேலரியோடு தகராறு, கடன், மனச்சோர்வு. பிறகு பேஸ் கேலரியில் சேர்ந்த பின்தான் ஓரளவு நிலைபெற்றார். 1967-ல் விட்னி அருங்காட்சியகம் அவருடைய வாழ்நாள் படைப்புகளைத் தொகுத்துப் பெரிய கண்காட்சி நடத்தியது.

70 வயதில் இரும்பு

ஓய்வெடுக்கும் வயதில் அவர் புதிதாக ஒன்றை ஆரம்பித்தார். 1969-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் வெளியே வைக்க ஒரு சிற்பம் கேட்டது. மரம் மழையிலும் வெயிலிலும் நிற்காது. எனவே கார்ட்டன் எஃகுக்கு மாறினார். மேலே படியும் துருவே உள்ளே இருக்கும் எஃகைக் காப்பாற்றும் வகை அது. பெரிய சிற்பங்களைச் செய்துதரும் கனெக்டிகட் பட்டறைக்குப் போய், அங்கே கிடந்த வெட்டுத் துண்டுகளை எடுத்து, மரத்தை அடுக்கிய மாதிரியே தொழிலாளர்களோடு நின்று அடுக்கினார்.

அறைக்குள் நிழலைத் தீர்மானித்தது விளக்கு. வெளியே அந்த வேலையைச் சூரியன் எடுத்துக்கொண்டது. காலையில் ஒரு சிற்பம், மாலையில் வேறொரு சிற்பம். சிகாகோவில் 1983-ல் நிறுவப்பட்ட 'டான் ஷேடோஸ்' சுமார் 30 அடி உயரம். அந்த நகரத்தின் நடுவே தூண்கள் மேல் ஓடும் ரயில் பாதையின் வடிவம்தான் அதற்குத் தூண்டுதல்.

நியூயார்க் திருப்பிக் கொடுத்தது, எடுத்துக்கொண்டது

1978-ல் கீழ் மன்ஹாட்டனில், வங்கிகளும் வானளாவிய கட்டடங்களும் நெருக்கி நிற்கும் இடத்தில், ஒரு முக்கோணச் சதுக்கம் அவருடைய கறுப்பு எஃகுச் சிற்பங்களோடு திறக்கப்பட்டது. சிற்பங்களின் பெயர் 'ஷேடோஸ் அண்ட் ஃபிளாக்ஸ்', நிழல்களும் கொடிகளும். சதுக்கத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. இருபது வருஷத்துக்கு முன்னால் அவரை வீட்டை விட்டுக் கிளப்பிய அதே நகரம்!

அதே 1978-ல் இன்னொன்றும் நடந்தது. உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுரத்தில் அவருடைய 'ஸ்கை கேட், நியூயார்க்' நிறுவப்பட்டது. விமான ஜன்னல் வழியாகப் பார்த்த நியூயார்க்கின் கட்டட வரிசைதான் அதன் கரு. 17 அடி உயரம், 32 அடி அகலத்தில் கறுப்பு மரச் சுவர்.

1988 ஏப்ரல் 17 அன்று, 88-வது வயதில் நெவெல்சன் காலமானார். அதற்குப் பதின்மூன்று வருஷம் கழித்து, 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் கோபுரம் சரிந்தபோது 'ஸ்கை கேட்' அதோடு போய்விட்டது. வாழ்நாள் முழுக்க இடிபாடுகளில் இருந்து மரம் எடுத்தவரின் சுவர் ஒன்று இடிபாடாகவே முடிந்தது. அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் அவர் பெயரிலான சதுக்கம் இருக்கிறது. கறுப்புச் சிற்பங்கள் இன்றும் அங்கே நிற்கின்றன.

ஏன் இவரை இன்றைக்கும் பேசுகிறோம்?

கல்லைச் செதுக்குவதும் வெண்கலம் வார்ப்பதும்தான் சிற்பம், அது ஆண்களின் வேலை என்று இருந்த காலத்தில், ஆணியும் பசையும் குப்பை மரமும் வைத்து ஒரு அறை அளவுக்குச் சிற்பம் செய்தார். உள்ளே நடந்து போய்ப் பார்க்கும் கலைப்படைப்புகள் இன்று உலகம் முழுக்கச் சாதாரணம். அந்தப் பாதையைப் போட்டவர்களில் இவர் ஒருவர்.

அதற்கு அவர் கொடுத்த விலையும் சின்னது இல்லை. குடும்பம், மகனின் சின்ன வயது, பல வருஷ வறுமை, தானே அழித்த சிற்பங்கள். புகழ் வந்தபோது அதில் எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை.

அவருடைய சிற்பத்தை எப்போதாவது நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் ஒன்று மட்டும் செய்யுங்கள். உடனே செல்போனை எடுக்காதீர்கள். ஒரு போட்டோவில் அது வெறும் கறுப்புச் சதுரமாகத்தான் விழும். கொஞ்ச நேரம் நின்று கண்ணைப் பழக்கிவிட்டு, இரண்டு அடி இடப்பக்கம் நகர்ந்து பாருங்கள். இதுவரை தெரியாத ஒரு நாற்காலிக் கால், ஒரு படிக்கட்டுக் கைப்பிடி, எப்போதோ இடிந்துபோன யாரோ ஒருவர் வீட்டின் ஒரு துண்டு, மெதுவாக நிழலுக்குள் இருந்து வெளியே வரும்.